இரண்டு வருடமாகப் பிரிக்காத மடிப்பு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கக் கை வரவில்லை, நீயாவது அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுகிறாய், காகிதத்தில் அது நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன். உன் மனைவி படம் பிடித்து அனுப்புவாள், முழுக்கப் படி.

உன் மகளுக்கு வயது ஒன்பது, உயரமோ ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். நம்ம வம்சமே குள்ளம்தானேப்பா, பின்னாடி மளமளன்னு வளர்ந்துடுவா என்றாய் நீ. சரியா சாப்பிட்டாத்தானே என்றாள் உன் அம்மா. காலையில் தலைவலி என்று வாந்தி எடுத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகம் ஆடுகிறாள் என்று திட்டினேனே, இந்த நாக்கை என்ன செய்வது. உன் மனைவி ஒருத்திதான் இது வேற என்னவோ மாமா என்று ஒரு வருடமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டாள், யாராவது கேட்டோமா? முதலில் என்னைச் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளையாச்சே என்று சீருடைப் பாவாடையின் அடியில் நாலு விரல் மடித்துத் தைத்தேன், நீ வெளிநாடு போய் இரண்டு வருடமாகியும் அந்த மடிப்பைப் பிரிக்க வேண்டி வரவில்லை. அதைப் பார்த்துப் பதறாமல், பார்த்தீங்களா என் கட்டிங்கை, ஒரு தடவை தைச்சா ரெண்டு வருஷம் நிக்குது என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். தையல்காரனாம் தையல்காரன்!

போன மாதம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னேன், பக்கத்திலேயே ஓரமாக இருந்த நூல்கண்டு அவள் கண்ணில் படவே இல்லை. அன்றே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஸ்கேனில் மூளைக்கு அடியில் ஒரு கட்டி, வளர்ச்சிக்கான சுரப்பியையும் கண் நரம்பையும் சேர்த்து அழுத்துகிறதாம். வளராத பிள்ளைங்கள்ல இது ரொம்ப அபூர்வம்தான், ஆனா வளர்றதும் நின்னு தலைவலி வாந்தியும் சேர்ந்தா அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும் என்றார். புற்றுநோய் மாதிரி தெரியவில்லையாம், ஆனாலும் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாம். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். நீயோ இன்னொரு டாக்டரைப் பாருங்க, எனக்கு லீவு கிடைக்காது என்கிறாய். ஸ்கேனை மூன்று பேர் பார்த்தாகிவிட்டதுடா, மூன்று பேரும் ஒரே பேச்சு. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆபரேஷனுக்கான கையெழுத்தை உன் மனைவியே போட்டுவிடுவாள், அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை.

நேற்று படம் வரைந்துகொண்டே, என்னை மொட்டையடிச்சிடுவாங்களாமே தாத்தா, அப்பாவுக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, தெரியும் தெரியும், அப்பா போனப்ப எவ்ளோ உயரமோ இப்பவும் அவ்ளோதானே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டாள்.

வேறென்ன எழுத. கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளை, ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும். பாஸ்போர்ட்டைத் தேடி எடு. செவ்வாய்க்கிழமைக்குள் வந்து சேர்.

வாசலைப் பார்த்தபடி,
அப்பா