அளவு பார்க்கப் போட்ட சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அன்றைக்கு டீக்கடையில் யார் யார் இருந்தார்கள் என்று போனில் கேட்டாய், உன் தம்பி பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. டீக்கடைக்காரர், முடிவெட்டுகிற மொட்டை, மருந்துக்கடை அக்கா, புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார், பஸ் ஓட்டுகிறவன், உன் மாமா, எதிரே நம் தையல் கடைக்குள் உன் தம்பியும் நானும். மற்றதெல்லாம் ஓடி வந்து சேர்ந்த கூட்டம், பெயர் தெரியாது, முகம் ஒன்றுகூட மறக்கவில்லை.

காலையிலிருந்து டீக்கடை டிவியில் ஒரே படம், ராணுவ வண்டி ஒன்று தலைநகரத்துப் பாலத்தில் ஏறுகிறது, ஏறி முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. ஆட்சியை ராணுவம் பிடித்துவிட்டது என்று கீழே சிவப்பு எழுத்து ஓடியதாம். பஸ்காரன் கைதட்டி, இனிமேலாவது பஸ் நேரத்துக்கு ஓடும்னான், ஓட்டுறது நீதானடா அப்புறம் எப்படி ஓடும்னு மொட்டை கேட்க எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மாணவர்களைச் சுட்டுத் தெருவில் இழுத்துப் போவதைக் காட்டினார்கள். வாத்தியார் மகள் அங்கேதான் படிக்கிறாள், அவர் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. சிப்பாய்கள் எல்லா ஊருக்குள்ளும் புகுந்து கடைகளில் ஒளிந்திருக்கிறார்கள் என்று செய்தி வாசிக்கிறவள் வேறு சொல்லிவிட்டாள்.

உன் தம்பி வேலை செய்கிற விதம் உனக்குத் தெரியும். எதைத் தைத்தாலும் தானே போட்டுக் கையைத் தூக்கி அக்குளில் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுப்பான், பெண்கள் சட்டையைப் போட்டு நின்றபோது நீ எத்தனை கேலி செய்திருக்கிறாய். அன்றைக்குப் போட்டிருந்தது ராணுவ முகாமிலிருந்து தைக்க வந்த சிப்பாய் சட்டை. கிளாஸ் உடைந்த சத்தம் கேட்டு அப்படியே வாசலுக்கு வந்துவிட்டான், கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். இதோ ஒருத்தன்னு பஸ்காரன்தான் கத்தினான். போன வாரம் அவன் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தவன் என் பிள்ளை. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சு ஒன்றை உடைத்து அந்தக் கட்டையால் மண்டையில் அடித்தார்கள், விழுந்தவனை வயிற்றில் உதைத்தார்கள், இரத்தம் சாக்கடைவரை ஓடியது. நான் பெத்த பிள்ளைடா என்று கத்தினேன், சிப்பாயையும் ஒருத்தி பெத்துதான் போட்டிருப்பா, போ கிழவின்னு ஒருவன் தள்ளிவிட்டான். அவன் கையைக் கடித்தேன், என் பல் ஒன்று போயிற்று, அது போகட்டும்.

வாத்தியார்தான் குறுக்கே நின்றார். நிறுத்துங்க, இவன் யாருன்னு ஒருத்தராவது தெரிஞ்சா சொல்லுங்க என்றார். கூட்டம் நின்றது. மொட்டை ஓடிப்போயிருந்தான், டீக்கடைக்காரர் உள்ளே புகுந்து கதவைச் சாத்தியிருந்தார், பஸ்காரன் அடித்த கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான். மிச்சமிருந்த பெஞ்சில் உன் மாமா மட்டும்தான். என்னைப் பார்த்தான், தரையில் கிடந்த அக்கா மகனைப் பார்த்தான். எனக்குத் தெரியாதுங்க, நான் நியூஸ் பாக்க வந்தேன் என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வலது கையைக் கல்லில் வைத்து மிதித்தார்கள், கத்தரிக்கோலை விடுடா விடுடா என்று. விரல் வளையத்துக்குள் மாட்டியிருக்கிறது, எப்படி விடுவான். கடைசியில் மருந்துக்கடை அக்கா புகுந்து அவன்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள், அவளையும் உதைத்துவிட்டுத்தான் போனார்கள்.

கட்டைவிரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் துணி வெட்டிப் பழகுகிறான், கோணல்மாணலாகப் போகிறது, அடுத்த துணியை எடுக்கிறான். மாமா உன்னிடம் அழுதானாம், பயத்தில் சொல்லிவிட்டானாம், வீட்டுக்குள் விடும்மா என்று நீயும் சிபாரிசு பண்ணுகிறாய். பயம் யாருக்கு இல்லை. மருந்துக்கடை அக்காவின் கால் நடுங்கியதை நான் பார்த்தேன், நடுங்கிக்கொண்டேதான் வந்தாள். உன் மாமா வாங்கி வந்த பழத்தை வாசலிலேயே கொட்டினேன், இனி வந்தாலும் அதேதான்.

நீ பகல் முழுக்க அந்த டிவி முன்னால் உட்காராதே, பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிட வை. இடது கைக்காரர்களுக்கென்றே கத்தரிக்கோல் அங்கே விற்கிறதாம், மறக்காமல் ஒன்று வாங்கி அனுப்பு. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு
உன் அம்மா

ஓடின மொட்டையோடு பேசத் தொடங்கிவிட்டேன். பஸ்காரனைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன், அவன் எனக்கு யாரோ. மன்னிக்க மாட்டேன் என்பது ஒருவனைத்தான், என் கூடப்பிறந்த தம்பி, உன் தாய்மாமன்.