இடப்பக்கம் மட்டும் கிட்டார்

மில்வாக்கி,
1995 மார்ச் 9

அன்புள்ள மார்ட்டிக்கு,

லோரெய்ன் எழுதுகிறேன். உன் அக்காவிடம் கெஞ்சித்தான் விலாசம் வாங்கினேன். அலாஸ்கா மீன் ஆலையில் உன் விரல்கள் மரத்துப்போகின்றனவாம். கையுறை போட்டுக்கொள். அவை டிரம்ஸ் வாசிக்கிற விரல்கள். என் தோள் எலும்பு கூடிவிட்டது. பேஸ் கிட்டாரை அரைமணி நேரம் தாங்க முடிகிறது.

நம் ஆல்பத்தை முடித்துவிட்டேன். எட்டுப் பாட்டுத்தான் தேறியது. ஸ்டான் கிட்டாரை இடப்பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் வாசித்திருந்தான். வலப்பக்கத்துக்கு ஊர் திரும்பியதும் வாசிப்பதாகச் சொன்னானே, அது அப்படியே காலியாக இருக்கிறது. வேறு ஆளை வைக்கலாம் என்றார் ரெக்கார்டிங் செய்த வால்டர். மறுத்தேன். "ஸ்பீக்கர் அவுட்டுன்னு கடையில திருப்பிக் குடுத்துருவாங்கம்மா" என்றார். கொடுக்கட்டும்.

உன் டிரம்ஸுக்கு எந்த மெருகும் பூசவில்லை. நாம் பதிவு செய்த அந்தக் கிடங்கின் செங்கல் சுவரில் மோதித் திரும்புகிற சத்தம்கூட இருக்கிறது. என் கத்தலை அதற்கும் அடியில் வைக்கச் சொன்னேன். சொற்கள் பாதிதான் புரியும். மூன்றாவது பாட்டில் நான்கு நிமிடம் பேஸ் மட்டும் முனகி, பிறகு எல்லாம் ஒரேயடியாக இடிந்து விழுகிறதே, அதற்கு முந்தைய அமைதியில் ஸ்டானின் குரல் பதிவாகியிருந்தது: "மார்ட்டி, அவசரப்படாதடா." தாளத்தைத்தான் சொன்னான். கேட்கிறவர்கள் வேறு அர்த்தம் எடுப்பார்கள். வெட்டிவிடச் சொன்னேன். அவன் குரல் இருந்த ஒரே இடம் அது.

நேற்று ஸ்டானின் அம்மா வந்து பாட்டுகளைக் கேட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முடிந்ததும், "எம்புள்ள வீட்டுல வாயே தொறக்க மாட்டானே. இவ்வளவு கோவத்த எங்கடி வச்சிருந்தான்?" என்றார். அப்புறம், "வண்டிய ஓட்டுன பையன் அடக்கத்துக்குக்கூட வரலியே" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். அன்று காலை சாலைப் பனி கரைய உப்புப் போடும்வரை காத்திருக்கலாம் என்று நீ இரண்டு முறை சொன்னாய். மினியாபொலிஸ் கச்சேரி போய்விடும் என்று நான்தான் விரட்டினேன். "பயந்தாங்கொள்ளி, சாவியக் குடு, நானே ஓட்டுறேன்" என்று ஸ்டான் முன்னாலேயே உன்னைக் கேவலப்படுத்தினேன். நீ சாவியைத் தராமல் நீயே வண்டியை எடுத்தாய். இருபது நிமிடத்தில் வேன் பனியில் வழுக்கிக் கவிழ்ந்தது. போலீஸ் கேட்டபோது நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவர் எழுந்து போனார். இன்று நான் கூப்பிட்டபோது ஃபோனை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்.

எனக்கு நீ பதில் போட வேண்டாம். அவருக்கு மட்டும் இரண்டு வரி எழுது, மார்ட்டி. இனி உன் கடிதத்தை அவர் பிரிப்பார். வேளைக்குச் சாப்பிடு.

லோரெய்ன்