பொட்டு வைத்து மூடிய விளக்கு

மச்சான்,

இன்று காலை புனே வாகட் பாலத்தடியில் நம் கார் மறுபடியும் பெட்ரோல் நாற்றம் அடித்தது. சாதாரண நாற்றமா? ஹிஞ்சேவாடிக்குப் போகிற ஐ.டி. ஜனம் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றியது. பக்கத்தில் உன் மகள். எதிரே அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு.

போன வருஷமும் இதே கூத்துதான். சிக்னலில் நின்றால் ஆர்.பி.எம். முள் சாமியாடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி விக்கும். பெட்ரோலை யானை தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கும். நான் இன்ஜினுக்குக் கருமாதிச் சமையல்வரை திட்டம் போட்டுவிட்டேன். நீயோ ஆயுத பூஜையன்று சந்தனத்தைக் குழைத்து, சரியாக அந்த விளக்கின்மேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாய். "சாமி பாத்துக்கும் அத்தான். இனிமே இது கண்ணைக் காட்டாது."

பிறகு மெக்கானிக் பொட்டைத் துடைத்துவிட்டு, ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போய்த் தப்புத் தப்பாகச் சேதி அனுப்ப, அதை நம்பி வண்டி பெட்ரோலை அள்ளி ஊற்றியிருக்கிறது. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. அன்று நீ நடந்த நடையை எந்தச் சக்கரவர்த்தியும் நடந்திருக்க மாட்டான்.

அந்த வெற்றிதான் வினையாயிற்று. மாடி ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினாய். இடது தோள் வலிக்கிறது என்றாய். கேட்டால், "சென்சார் கோளாறு அத்தான். இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு." வீடே சிரித்தது. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக நான் கீழே நின்று ஹார்ன் அடித்த அடியில் புனே நகரமே எழுந்து நின்றது. நீ மட்டும் பால்கனியிலிருந்து, அடுத்த வாரம் என்று கையை ஆட்டினாய். அடுத்த வாரம் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில், ஷிப்டின் நடுவே, மெஷின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாய்.

உனக்கு வந்த நெஞ்சுக் கோளாறு பிள்ளைக்கும் வரலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். உன் மகள் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் ஒரு மாடி ஏறினாலே நின்றுவிடுகிறாள்.

விக்க விக்க வண்டியை மெக்கானிக்கிடம் சேர்த்தேன். அதே சென்சார்தான், இந்தத் தடவை ஒயர் உருகியிருக்கிறது என்றார். "நான் அப்பவே சொன்னேன்ல மாமா, சென்சார்தான்னு" என்று உன் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி கிடக்கட்டும், ஆட்டோ பிடித்து இப்படியே டாக்டரிடம் போய்விடலாம் என்றேன். அதட்டினேன். பிறகு கெஞ்சினேன், நடுரோட்டில், மெக்கானிக் பார்க்கப் பார்க்க.

"டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க மாமா. இன்னிக்கு மீட்டிங் இருக்கு. அடுத்த வாரம், பக்கா."

கம்பெனி கேப் வந்தது. ஏறிவிட்டாள்.

வாயாலேயே இமயமலையை நகர்த்துகிற உன் அத்தானுக்கு, அந்தப் பெண்ணை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை மச்சான். நீ போனதிலிருந்து எனக்கு ஒரு காது கூடுதலாக முளைத்திருக்கிறது. பக்கத்தில் யார் வந்து நின்றாலும் அவர்கள் மூச்சைத்தான் அது கேட்கிறது. இன்றும் கேப் கதவு சாத்தும்வரை கேட்டேன். அப்புறம் டிராபிக் சத்தம்தான் கேட்டது.