கீறல் விடாத மண்

என் சிங்கக்குட்டி அண்ணன் செல்வராசுக்கு,

நீ பட்டாளத்தில் இருந்தபோது நான் போட்ட கடிதமெல்லாம் மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, அம்மாவுக்கு முட்டிவலி என்பதோடு முடிந்துவிடும். ‘ஒரு பக்கத்துக்கு மேல எழுதினா கை சுளுக்கிக்குமாடி?’ என்று நீ பதில் போட்டாய். இந்தா, இன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்பப்போகிறாய் என்று மட்டும் கேட்காதே.

பங்களாதேஷ் சண்டை முடிந்து ஊரே மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் நம் வீட்டுக்குத் தந்தி வந்தது. நீ செத்துப்போனாய் என்று அதில் இல்லை. பிடிபட்டாய் என்றும் இல்லை. காணவில்லை என்று இருந்தது. படித்துச் சொன்ன போஸ்ட்மேனிடம் அம்மா, “காணலைன்னா என்னய்யா அர்த்தம்? அவன் என்ன ஆட்டுக்குட்டியா?” என்று கேட்டாள். அந்த மனுஷன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், பாவம்.

அவர் சொல்லாத அர்த்தத்தை ஊர் சொன்னது. “ஓடிப்போயிருப்பான். உசுருன்னா யாருக்குத்தான் பயமில்ல?” என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னது வேறு யாருமில்லை, நம் பெரியப்பா மகன்தான். அவன் வாயில் புழு வைக்க! என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, “பையன் எங்கனாச்சும் ஒளிஞ்சிருக்கானா? சொல்லுங்க, வெளிய சொல்ல மாட்டோம்” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அம்மா தட்டோடு அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டாள். எனக்கும் அந்த மாப்பிள்ளையின் மீசை பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாளே அம்மா என்னை இழுத்துக்கொண்டு மணவாளநல்லூர் கோயிலுக்குப் போனாள். நமக்கு ஓர் அநியாயம் நடந்தால் காகிதத்தில் எழுதிக் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவதும், நியாயம் கிடைத்ததும் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் நம் பக்கத்து வழக்கம். உனக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ‘என் மகன் ஓடினவனா இல்லையா, நீயே சொல்லு சாமி.’ உன்னை உயிரோடு கொடு என்று அவள் ஏன் கேட்கவில்லை? அதை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆபீசுகளுக்கு எழுதினேன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில்தான். சாமியும் ஆபீசும் மெதுவாகத்தான் வேலை செய்வார்கள் என்று தெரிந்ததும் நானே இறங்கிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றேன். லீவில் வருகிற பட்டாளத்துக்காரர்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் பேரும் நம்பரும் பட்டாளமும் எழுதியிருப்பார்களே, அதைப் படித்துக்கொண்டே நடப்பேன். ரயில்வே போலீஸ்காரர் ஒருமுறை, “யாரைம்மா தேடறே?” என்று சந்தேகமாகக் கேட்டார். “எங்க அண்ணனத்தான். நீங்க தேடறீங்களா? இல்லல்ல, அப்ப நான் தேடறேன்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்டதில்லை.

ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு ஞாயிறு, நல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவரின் பெட்டியில் உன் பட்டாளத்தின் பெயரைப் பார்த்தேன். அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன், அவர் பயந்தே போனார். அவர் புதிதாகச் சேர்ந்தவர், உன்னைத் தெரியாது. “மங்கலம்பேட்டையில காசிம்னு ஒரு பாய் இருக்காருங்க. நம்ம பட்டாளம்தான். சண்டையில கால் போயிடுச்சு. அவரக் கேட்டுப் பாருங்க” என்றார். மங்கலம்பேட்டை! அரைமணி நேர பஸ் தூரம். இத்தனை நாள் நான் டெல்லிக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

காசிம் பாய் கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உன் பேரைச் சொன்னதும் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார். ஊன்றுகோலைத் தேடி எழுந்து நின்றுவிட்டார். “செல்வராசு தங்கச்சியாம்மா நீ?” என்று கேட்டு, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சண்டை நடந்த இடத்தில் பெரிய ஆறாம். அக்கரையில் அடிபட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நாட்டுப் படகு ஒன்றுதான் மிச்சம், குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் பழகியவன் யார் என்று ஆபீசர் கேட்டதும், ‘நான் ஆத்தங்கரைக்காரன் சார்’ என்று நீ முன்னால் போனாயாமே! அட புளுகா! நம் மணிமுத்தாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தானே ஓடுகிறது? நீ நீச்சல் பழகியது பீங்கானுக்கு மண் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றபோது. அதற்காக அம்மா விளக்குமாறு பிய்ந்துபோகிற வரைக்கும் உன்னை அடித்தாள்.

“நாலு தடவ போயிட்டு வந்தாரும்மா. மூணாவது தடவ தூக்கியாந்தது என்னை. கால்ல துணியக் கட்டிவுட்டு, ‘பாய், ஊருக்குப் போனா உங்க வூட்டு பிரியாணி போடணும்’னாரு. அஞ்சாவது தடவ அக்கரையில கால் வைக்கிறாரு, அங்கயே விழுந்துச்சு குண்டு. ஒண்ணுமே கிடைக்கலம்மா. உடம்பு கிடைக்கலைன்னா காகிதத்துல காணலைன்னுதான் எழுதுவாங்க.”

அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். உங்களோடு இருந்த ஒருவர் அந்தக் கரையிலிருந்து மண் எடுத்துவந்து, ஆஸ்பத்திரியில் இருந்த பாயிடம், உங்க ஊர்ப் பக்கம்தானே, வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்தாராம். “எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ பஸ்ஸு ஏறினேம்மா. என்னைத் தூக்கியாந்தவரு அங்கயே போயிட்டாரு, நான் மட்டும் வந்துட்டேன்னு உங்கம்மா மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? பாதியிலயே இறங்கிட்டேன்.” துணியில் முடிந்த மண்ணை என் கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அண்ணா, அதைவிடப் பெருமைதான் வந்தது. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், “எங்கண்ணன் ஓடல, தெரியுமா?” என்று சொன்னேன்.

இனிமேல் நடந்தது நம் ஊரைத் தவிர வேறு எங்கும் நடக்காது. அன்று எனக்கு மதிய ஷிப்ட். பீங்கான் கம்பெனியில் நான் ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு எடுக்கிறேன். என் இடத்தில் தூசி படும் என்று முடிச்சைக் கொண்டுபோய் மண் சோதிக்கிற அறையின் மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். சுற்றுவட்டார ஜனமெல்லாம், தன் நிலத்தில் பீங்கானுக்கு ஆகிற வெள்ளை மண் இருக்காதா என்று ஆளுக்கொரு பிடி மண்ணைத் துணியில் கட்டி அந்த மேசையில்தானே வைத்துவிட்டுப் போவார்கள்? மண் சோதிக்கிற வேலாயுதம் மாமா உன்னையும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டார். சலித்து, பிசைந்து, விரல் நீளத்துக்கு மூன்று கட்டி பிடித்து, ராத்திரியே சூட்டில் காயவைத்து, நம்பர் போட்டு, காலையில் சூளையில் ஏற்றிவிட்டார். வேலை நெருக்கடியில் நான் முடிச்சை மறந்து வீட்டுக்குப் போய், பாய் சொன்னதை அம்மாவிடம் சொல்லி, ரெண்டு பேரும் அழுது, மறுநாள் மத்தியானம் எடுக்கப் போனால் மேசையில் வெறும் துணி கிடக்கிறது.

நான் போட்ட கூச்சலில் கம்பெனியே கூடிவிட்டது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “தெரியாம பண்ணிட்டேன் தனம். வெள்ளை மண்ணுதான் இந்தச் சூட்டுக்கு நிக்கும். இது கருத்த ஆத்து மண்ணாச்சே, உருகி வழிஞ்சிடுமே. சூளை வாசலோரமா வெச்சிருக்கேன், அங்க கொஞ்சம் சூடு கம்மி. பார்ப்போம்” என்றார். சூளையை மூடியாகிவிட்டது, சுட்டு ஆற மூன்று நாள் ஆகும், அதுவரை திறக்க முடியாது. அம்மாவிடம் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னோடு வந்து சூளைச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளும் பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள்.

திறந்த அன்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பெரியப்பா மகனும் வந்திருந்தான், வேடிக்கை பார்க்க. வேலாயுதம் மாமா உள்ளே குனிந்து கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சுற்றியிருந்த சாம்பிள்களில் பாதி வெடித்திருந்தது. ஒன்று உருகித் தட்டோடு ஒட்டியிருந்தது. நீ மூன்று கட்டியும் நல்ல சிவப்பாய், முனை கூட மழுங்காமல் இருந்தாய். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுண்டினார். கணீர் என்றது. “ஒரு கீறல் இல்லீங்க அக்கா” என்றார் அம்மாவிடம்.

அம்மா ஒன்றை வாங்கி முந்தானையால் துடைத்தாள். நேராகப் பெரியப்பா மகனிடம் போய் அவன் உள்ளங்கையில் அதை வைத்தாள். சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை.

“புடிச்சுப் பாருடா. இவன் ஓடுனவனா?”

அவன் தலை நிமிரவில்லை. “தப்புதான் சித்தி” என்றான்.

வாசலோரம் வைத்ததால்தான் தப்பித்தது என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். அம்மா அதைக் காதில் வாங்குவதே இல்லை.

மூன்றில் ஒன்றைப் பழமலைநாதர் கோயில் படித்துறையில் இறங்கி ஆற்றில் விட்டோம். இந்த ஆற்றில் விட்ட எலும்பு கல்லாகும் என்பார்கள், நீ கல்லாகியே வந்துவிட்டாய். ஒன்றைக் காசிம் பாயிடம் கொடுத்தோம். அவர் வீட்டில் உனக்காகப் பிரியாணி செய்தார்கள், அம்மா கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டாள், நான் உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பாய் எழுதிக் கொடுத்த சாட்சியத்தால் ஆபீசிலிருந்து வேறு காகிதம் வந்திருக்கிறது. போரில் உயிர் கொடுத்தவன் என்று இருக்கிறது. அதே போஸ்ட்மேன்தான் கொண்டுவந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கொடுத்தார்.

போன வாரம் மணவாளநல்லூர் போய் அம்மா பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூன்றாவது கட்டி அவள் மடியில் இருந்தது. சாமி முன்னால் அதைக் காட்டி, “பதில் வந்துடுச்சு, போயிட்டு வரேன்” என்றாள்.

அண்ணா, ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போதும் ஜங்ஷனுக்குப் போகிறேன். என்னைப் போலவே கையில் ஒரு தந்தியை வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற தாய்மார்களும் பெண்டாட்டிகளும் அங்கே வருகிறார்கள். அவர்களுக்காகப் பெட்டிகளைப் படிக்கிறேன். கடைசி ஆள் கிடைக்கிறவரை படிப்பேன். நாலு தடவை போய்வந்தவனின் தங்கை பாதியில் திரும்பிவிட மாட்டாள்.

ஆத்தங்கரைக்காரனின் தங்கச்சி,
தனம்