பாப்பாவின் ஓட்டக் கணக்கு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று போன் தானாகக் கட் ஆகவில்லை. நான்தான் வைத்தேன்.

"வளர்ற வயசுல முட்டி வலிக்கத்தான் செய்யும், ஓட ஓடச் சரியாயிடும்" என்று கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்கிறீர்கள். பதினான்கு வயதுப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவதை நீங்கள் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது. "ரெண்டு மாசம் ஓடவே கூடாது" என்று டாக்டர் சொன்னதும் அவள் தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்பாகிட்ட யாரும்மா சொல்றது?" என்றுதான் அழுதாள்.

எல்லாம் நீங்கள் வாங்கி அனுப்பிய அந்த வாட்ச்சால் வந்த பயம். அவள் ஓடிய தூரமும் வேகமும் தினமும் உங்கள் போனுக்கு வந்துவிடுகிறதே! கொஞ்சம் குறைந்தாலும் விசாரணைக் கமிஷன் வைப்பீர்கள்.

இந்த வாரம் வேகம் எகிறியிருக்கிறதாம். "பாத்தியா, வலியெல்லாம் சும்மா. இப்பதான் என் பொண்ணு ஓடுறா!" என்று நேற்று பூரித்துப்போனீர்கள்.

உங்கள் பெண் ஒரு வாரமாகக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் அழுகையை நிறுத்த, வாட்ச்சை நான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு, தினமும் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன்.

இப்படிக்கு,
நீங்கள் மெச்சிய ஓட்டக்காரி