நாலாம் பாரத்து இரவல் பிள்ளைகள்

786
பேகம்பூர், திண்டுக்கல்
24-4-1958

அன்புத் தோழி முத்துப்பேச்சிக்கு,

தாஹிரா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் பெருமாள்சாமி அண்ணனும் மகள் ராமுத்தாயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். பெருநாளைக்கு வருவாய் என்று உனக்கு எடுத்து வைத்த பலகாரத்தை எறும்புகள் தின்று தீர்த்தன. எறும்புக்கு என் மேல் இருக்கிற பாசம் உனக்கு இல்லை.

ஒரு பெரிய செய்தி. எங்கள் வீட்டவர் தோல் மண்டிக் கணக்கு வேலையை விடப் போகிறார். உங்கள் ஓடைப்புதூரிலேயே ஒரு கடை பேசியிருக்கிறார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைத் தோலும் செருப்பும் விற்கிற கடை. அநேகமாக ஆனி மாதத்துக்குள் குடிவந்துவிடுவோம். ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம் இனி ஒரே ஊர்க்காரர்கள். குதிக்காதே, மீதியையும் படி.

மெஹராஜ் இங்கே மூன்றாம் பாரம், உங்கள் ஊர்க் கணக்கில் எட்டாவது, முடித்துவிட்டாள். நாலாம் பாரம் உங்கள் ஊரில்தான் படிக்க வேண்டும். அவள் அத்தாவோ, "பள்ளிக்கூடம் எப்படின்னு தெரியாம புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்கிறார். பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் படிப்பு அவ்வளவுதான். அதற்கென்றே காத்திருந்த மாதிரி அவருடைய அக்கா ஒரு மாப்பிள்ளையைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார். பதினாலு வயதுப் பிள்ளைக்கு! உன்னையும் என்னையும் ஐந்தாவதோடு நிறுத்தினார்களே, அது போதாதா?

நீ ஒரு நடை போய்ப் பார்த்து எழுது. கூட்டாமல் குறைக்காமல் எழுது. உன் வாய்க்குக் கூட்டாமல் இருப்பது கஷ்டம்தான், தெரியும்.

உன்,
தாஹிரா


உ
ஓடைப்புதூர்
29-4-1958

அன்புள்ள தாஹிராவுக்கு,

கடிதம் கண்டு குதிக்கத்தான் செய்தேன். அடுப்பில் இருந்த வெஞ்சனம் அடிப்பிடித்துவிட்டது. அந்தப் பாவமும் உனக்கே.

இன்று போர்டு ஹைஸ்கூலுக்குப் போனேன். இத்தனை வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகிறேன், உள்ளே கால் வைத்தது இன்றுதான். ஹெட்மாஸ்டர் செபஸ்தியான் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நாளையோடு லீவு விடுகிறார்கள் என்பதால் வகுப்பெல்லாம் பார்க்க விட்டார்.

கணக்கு வாத்தியார் தங்கமான ஆள். கடைசிப் பெஞ்சுப் பையனுக்கு விளங்கும்வரை விடுவதில்லை. இங்கிலீஷ் வாத்தியார் வேகமாகப் பேசுகிறார், சரியாகத்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன், எனக்கு என்ன தெரியும்? கட்டிடம் ஓடு போட்டது, இரண்டு இடத்தில் வானம் தெரிகிறது. குடிதண்ணீர்ப் பானை சுத்தமாக இருக்கிறது. நானே குடித்துப் பார்த்தேன்.

இனிக் கெட்டது. பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைப்புக்கூட இல்லை. பெண்பிள்ளைகளும் இல்லை. ஒருத்திகூட இல்லை தாஹிரா. ஹெட்மாஸ்டரைக் கேட்டேன். "நான் சேக்க மாட்டேன்னா சொன்னேன்? எட்டாவது முடிச்சதும் வீட்டோட நிறுத்திருறாகம்மா. ஒருத்தி வந்தா நாலு பேரு வரும். அந்த மொத ஒருத்திதான் வர மாட்டேங்குது" என்றார்.

என் வீட்டிலும் அதே கதைதான். ராமுத்தாய் எட்டாவது பாஸ். இவரைக் கேட்டால், "அம்புட்டு ஆம்பளப் பயலுகளுக்கு நடுவுல எம் புள்ளய ஒத்தையா விடச் சொல்றியா?" என்கிறார். மெஹராஜ் வந்தால் இவளுக்கும் துணை. என் சுயநலத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

உன் அன்பு,
முத்துப்பேச்சி


786
பேகம்பூர், திண்டுக்கல்
8-5-1958

அன்பு முத்துவுக்கு,

உன் கடிதத்தை இவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். பானைத் தண்ணீர் வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை ஒருத்திகூட இல்லை என்றதும் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். அவர் பெட்டியை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ராமுத்தாயும் மெஹராஜும் இரண்டு பேர் இருப்பார்களே என்றேன். "ரெண்டு பேருன்னா ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா மத்தவ ஒத்தைதானே" என்கிறார். அழுதேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சமைக்கவும் இல்லை. கடைசியில் ஒன்று சொன்னார். ஜூன் பன்னிரண்டாம் தேதி கடைச் சாவி வாங்க அங்கே வருகிறாராம். நேரே பள்ளிக்கூடத்துக்கும் போவாராம். நாலாம் பாரத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்தால் மெஹராஜைச் சேர்ப்பாராம். இல்லையென்றால் அக்கா சொன்ன இடத்துக்குச் சரி சொல்லிவிடுவாராம்.

மெஹராஜ் பழைய பாடப்புத்தகங்களுக்கெல்லாம் புதிதாக அட்டை போட்டு வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தாஹிரா


உ
ஓடைப்புதூர்
3-6-1958

அன்புள்ள தாஹிராவுக்கு,

அழாதே. சௌகத் அலி அண்ணனைப் பன்னிரண்டாம் தேதி தாராளமாக அனுப்பி வை. வகுப்பில் பெண்கள் இருப்பார்கள்.

எப்படி என்று கேட்கிறாயா? எங்கள் ஆரம்பப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் தலை எண்ணிக்கை குறைந்தால், பக்கத்துப் பட்டியில் இருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி வந்து உட்கார வைப்பார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை பொரிகடலை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்ஸ்பெக்டருக்கே காட்டலாம் என்றால் சௌகத் அலி அண்ணனுக்குக் காட்டக் கூடாதா?

எட்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களைத் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தேன். ராமுத்தாயோடு சேர்த்து ஆறு பேர் தேறிவிட்டார்கள். அம்மாமார்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். கருப்புசாமி பெண்டாட்டி மட்டும், "சாயங்காலம் முழுசாத் திருப்பித் தந்துரணும், மதினி" என்றாள், ஏதோ உரலை இரவல் கொடுப்பவள் போல. அப்பாமார்கள் அன்றைக்குப் பூ மூட்டையோடு நிலக்கோட்டைச் சந்தைக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். "நான் ஒண்ணும் பாக்கலம்மா. அன்னிக்கு எனக்குக் கண்ணு வலி" என்றார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாமாம். ஒரு பொய் சொல்லி ஒரு படிப்பை நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

முத்துப்பேச்சி


786
பேகம்பூர், திண்டுக்கல்
14-6-1958

அடி முத்து,

பலித்துவிட்டது! இவர் வந்ததும் வராததுமாக, "ஆறு புள்ளைக உக்காந்திருக்கு. மெஹராஜைச் சேத்துருவோம்" என்றார். அக்காவுக்கும் அந்த இடம் வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தபந்தம் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. மெஹராஜ் காலையில் இருந்து தரையில் நடக்கவில்லை. நானும் நன்றி சொல்லி ஷுக்ரு தொழுதேன்.

தொழுது முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் பக்ரீத் முடிந்து வருகிறோம். வந்து சேர்க்கப் போகிற அன்று அந்தப் பெஞ்சு காலியாக இருக்குமே! அப்போது இவர் என்னைப் பார்ப்பாரே ஒரு பார்வை, அதற்கு என்ன பதில் சொல்வேன்? கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும் நீயும் நானும். எனக்குத்தான் புத்தி இல்லை, உனக்குமா இல்லை? உடனே பதில் போடு.

தாஹிரா


உ
ஓடைப்புதூர்
20-6-1958

அன்புள்ள தாஹிராவுக்கு,

என் புத்தியைப் பற்றி நீ எழுதியதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். முதலில் இதைக் கேள். இரவல் வாங்கிய பிள்ளைகள் திரும்பிப் போக மாட்டேன் என்கிறார்கள்!

அண்ணன் வந்து போனதுக்கு மறுநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார். "எம்மா, ஒரு நாளைக்குன்னுதானே சொன்னீக? இன்னைக்கும் ஆறும் வந்து உக்காந்திருக்கே!" விடியக்காலை பூவெடுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, தலைவாரி, யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார்கள். என் வீட்டு ராமுத்தாய் உட்பட.

ஓடிப்போய்க் கேட்டேன். கருப்புசாமி மகள் மூக்காயிதான் வாய் திறந்தாள். "அத்தே, எக்ஸுன்னு ஒருத்தன் வாரான் கணக்குல. அவன் எம்புட்டுன்னு சொல்றதுக்குள்ள நேத்து பெல் அடிச்சிருச்சு. நாளைக்குச் சொல்றேன்னுட்டாரு சார். அது தெரியாம எப்படி அத்தே வீட்ல இருக்கிறது?"

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கருப்புசாமி மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு வந்தார். வகுப்பு ஜன்னலில் நின்று, "ஏ புள்ள, வெளிய வா" என்று ஒரு சத்தம். மூக்காயி திரும்பிக்கூடப் பார்க்காமல், "எப்பா, செத்த இரு. கணக்கு முடியட்டும்" என்றாள். அந்த மனிதர் நின்றார். நின்றவர் கணக்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பெல் அடித்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில், "அவரு பலகையில எழுதினது எனக்கு மறஞ்சிருச்சு. கடசியில எம்புட்டுத்தான் வந்துச்சு?" என்று கேட்டாராம். மறுநாள் அவரே டி.சி. வாங்கி வந்து சேர்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். எங்கள் வீட்டவரும் கடைசியாகப் போய்ச் சேர்த்துவிட்டு வந்து, தானே யோசித்துச் செய்தது மாதிரி என்னிடம் நியாயம் பேசினார். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மாமார்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைத்தட்டி மறைப்பும் கட்டிவிட்டோம்.

ஒரு பிள்ளை மட்டும் போய்விட்டது தாஹிரா. வேலுசாமி மகள் சுந்தரம்மாள். தாய்மாமனுக்குப் பேசியாயிற்று என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறிலும் அதுதான் கெட்டிக்காரப் பிள்ளை. நான்தான் ஆசை காட்டி உட்கார வைத்தேன்.

முத்துப்பேச்சி


786
பேகம்பூர், திண்டுக்கல்
25-6-1958

அன்பு முத்துவுக்கு,

இனி மறைக்க முடியாது என்று உன் கடிதத்தை இவரிடமே நீட்டிவிட்டேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே தெரியுமாம்! பெஞ்சின் ஓரத்தில் இருந்த பிள்ளையிடம், "எத்தனை நாளாம்மா வாரே?" என்று கேட்டிருக்கிறார். அது எழுந்து நின்று, "இன்னைக்குத்தான் அய்யா. சாயங்காலம் எங்களைத் திருப்பிக் கொடுத்துருவாக" என்றதாம்.

"தெரிந்துமா சரி சொன்னீர்கள்?" என்றேன். "முன்னப்பின்ன பாக்காத எம் மகளுக்காக ஊர்ப் பொம்பளைகள்லாம் பெத்த புள்ளைய இரவல் குடுத்திருக்காக. அந்த ஊர்ல எம் புள்ளைக்குத் துணையா கிடைக்காது?" என்றார். இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்தும் இந்த மனிதரை எனக்கு முழுசாகத் தெரியவில்லை முத்து.

பிறகு, "உண்மை சொன்ன அந்தப் புள்ள பேரு என்ன?" என்றார். மெஹராஜ்தான் உன் கடிதத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். சுந்தரம்மாள்தான் கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதியிருந்தாயே, வேறு யாராக இருக்கும்? அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பெருநாள் முடிந்த மறுநாள் கடைக்கு வெள்ளையடிக்க வருகிறார். வேலுசாமி வீட்டுக்கும் போவாராம். பெருமாள்சாமி அண்ணனைத் துணைக்கு அனுப்பு.

தாஹிரா


உ
ஓடைப்புதூர்
1-7-1958

அன்புள்ள தாஹிராவுக்கு,

அண்ணன் வந்தார். எங்கள் வீட்டவரும் நானும் கூடப் போனோம். வேலுசாமி வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "எம் புள்ள கல்யாணத்தப் பத்திப் பேச நீங்க யாரு?" என்றார். அதுவும் நியாயம்தான். நாங்கள் யார்?

அண்ணன் கோபப்படவில்லை. "எங்கக்காவும் எம் மகளுக்கு மாப்பிள்ள கொண்டாந்தாக. வேணாம்னுட்டேன். இப்ப சாதிசனம் பூராம் என்னைய ஏசுது. ஒத்தையா நின்னு ஏச்சு வாங்குறது ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. நீங்களும் வாரீகளா, சேந்து வாங்குவோம்?" என்றார். நான் பயந்துபோனேன். வேலுசாமி எங்கள் வீட்டவர் பக்கம் திரும்பினார். "உன்னைய யாரும் ஏசலையா?" என்று கேட்டார். "ஏசாமயா? எங்கப்பன் எங்கிட்டப் பேச்ச விட்டுட்டாரு. கருப்புசாமியவும் மச்சினன் கிழிகிழின்னு கிழிச்சிட்டான்" என்றார் இவர். மாமனார் பேசாமல் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவர் கோழியைக் குழம்பு வைத்ததால் கோபம் என்று நினைத்திருந்தேன்.

வேலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆவணியில நிச்சயம். அதுவரைக்கும் போகட்டும்" என்றார். அண்ணன், "சரி, ஆவணியில திரும்ப வாரேன்" என்றார். "நீங்க வருவீகன்னு தெரியும்" என்று வேலுசாமி சொன்னபோது அவர் முகத்தில் கடுப்பும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. உள்ளே சுந்தரம்மாள் கணக்கு நோட்டைத் தேடிப் பானைகளை உருட்டும் சத்தம் கேட்டது. எங்கே ஒளித்து வைத்தோம் என்று அவளுக்கே மறந்துவிட்டது போல.

ஒத்தையாகப் போகப் பயந்தது பிள்ளைகள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே தாஹிரா. பயந்ததெல்லாம் இந்த அப்பன்மார்கள்தான். அவர்களுக்கும் ஒரு துணை வேண்டியிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஒரே ஒரு குறை. மெஹராஜோடு ஏழு பேர் ஆகிறார்கள், அந்தப் பெஞ்சு ஐந்து பேருக்குத்தான் காணும். ஹெட்மாஸ்டர் புதுப் பெஞ்சு கேட்டு மேலே எழுதிப் போட்டிருக்கிறாராம், அது வருவதற்குள் இவர்களுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும். வண்டியில் தோல் மூட்டையோடு ஒரு பெஞ்சையும் ஏற்றிக்கொண்டு வரச் சொல். நல்ல நீளமானதாகப் பார்த்து வாங்கச் சொல்.

உன்,
முத்துப்பேச்சி