உன் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு

நேற்றுப் பகலில் பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் உன் பெயர். மூக்கைச் சுருக்கிக்கொண்டு நீ எடுத்த அந்தப் பழைய படமும் கூடவே. கரண்டி என் கையில் அப்படியே நின்றது. பாப்பா வாயைத் திறந்து வைத்தபடி என்னைப் பார்த்தாள். என்னால் எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. உன் ஊரான மறையூரில் காலையில் குக்கரை அடுப்பில் வைத்தவள், விசில் வருவதற்குள் விழுந்துவிட்டாய். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்போது நிறைமாதம். “மாசமா இருக்கறவ எழவூட்டுக்குப் போகக்கூடாது கண்ணு” என்று மாமியார் வாசற்கதவிலேயே நின்றுகொண்டார். எருத்தேன்பதியை விட்டு நான் கிளம்பவேயில்லை. உன்னைக் கிடத்தியிருந்ததைப் பார்க்காததால்தானோ என்னவோ, எனக்குள் நீ முழுதாகப் போகவில்லை. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் வந்தது பயமா, ‘அப்பாடா, கூப்பிட்டுவிட்டாள்’ என்ற நிம்மதியா? இன்னும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

மறுபடியும் அடித்தது. எடுத்தேன். உன் அம்மா.

“தாயி, நாந்தான். பயந்துட்டியா? அவ போன நாந்தான் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். கேளு. கோழிப்பாறையில இருந்து ஒரு பிள்ள இந்த நம்பருக்குக் கூப்பிட்டு அழுவுதும்மா. அவ அப்பாவுக்கு மூச்சு முட்டுதாம். ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சாம். உங்க சைட்டு திறக்க மாட்டேங்குதாம். எம் மகளக் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?”

நம் பாலியேட்டிவ் குழுவின் தளம். நோய் முற்றி வீட்டோடு கிடப்பவர்களுக்குக் குழு இரவல் கொடுக்கும் ஆக்சிஜன் மெஷின்களில் எது யார் வீட்டில் ஓடுகிறது, எது சும்மா இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கஞ்சிக்கோட்டு ஆபீசில் ஊரார் இணையதளங்களைப் பராமரித்துக்கொண்டிருந்த நாம் இருவரும், மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து அதைக் கட்டினோம். தளம் விழுந்தால் கூப்பிடுங்கள் என்று முகப்பில் உன் நம்பரைப் போட்டாய். அந்தப் பெண் தன் போனில் அதை எப்போதோ பதிந்து வைத்திருக்கிறாள். நீ இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். தளம் வந்தது. மெஷின் பட்டியலைத் தொடுவதற்குள் போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து வந்தது, மறுபடியும் போனது. வந்த நேரத்தில் சர்வரைக் கண்காணிக்க நாம் தளத்தில் பொருத்தியிருந்த பிளக்கின் என்ற துணைநிரலின் கட்டம் மட்டும் கண்ணில் பட்டது. சர்வர் மெமரி தொண்ணூற்றெட்டு சதவீதம். கட்டம் முழுக்கச் சிவப்பு. அந்தப் பக்கம் ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார், இந்தப் பக்கம் இது. சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொல்லலாம் என்று போனைத் தேடினேன்.

அப்போதுதான் மணிக்கட்டில் உன் பிடி.

இதே எண், இதே சிவப்பு, கஞ்சிக்கோட்டில் முதல்தடவை வந்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். “ஏனுங்க இப்படிப் பண்றீங்க?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டேனாம். கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். “மெஷினுக்கும் ‘ங்க’ போட்டு மரியாத குடுக்கிற ஒரே ஆளு நீதாம்ட்டி.” அன்று ரீஸ்டார்ட் பட்டன்மேல் இருந்த என் விரலை, மணிக்கட்டோடு பிடித்து இழுத்தாய். “கைய எடுட்டி மொதல்ல. இது ஒண்ணு சொல்லிட்டா போதுமா? வேற எங்கயாவது கேட்டுப் பாத்தியா?”

ஒருமுறை படித்த கோப்புகளை, அடுத்த முறைக்கு ஆகட்டும் என்று சர்வர் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். வேறு வேலைக்கு இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். நம் பிளக்கின் அதையும் செலவான கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவள் நீ. எனக்குப் புரியவில்லை என்றதும், “மூணாறு பஸ்ஸுல சீட்டுல பையப் போட்டு வச்சிருக்கான். ஆள் வந்தா மடியில எடுத்து வச்சிக்கிடுவான். அதப் பாத்துட்டு கண்டக்டரு பஸ்ஸு ஃபுல்லுன்னு விசிலடிச்சா எப்படிட்டி?” என்றாய். பிளக்கினின் கோப்பைத் திறந்து நாலே வரி மாற்றினாய். காலி இடத்தை மட்டும் பார்க்காமல், கேட்டால் கிடைக்கக்கூடிய இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன வரிகள். எண் சரசரவென்று இறங்கிப் பச்சையானது. பையிலிருந்து மறையூர்ச் சர்க்கரை என்று நீ சொல்லும் உங்கள் ஊர் வெல்லத்தில் ஓர் உருண்டையை எடுத்து என் வாயில் திணித்தாய்.

நேற்று வேறோர் இடத்தில் கேட்டேன். ஹோஸ்டிங்காரரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் மெமரி கிடைக்கும் நிலையில் இருக்கிறது. சர்வருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் தளத்தைக் கொல்வது யார்?

தளம் விழுந்த நேரங்களின் பதிவைத் திறந்து பார்த்தேன். பிளக்கின்தான். தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று அதில் விதி போட்டதும் நாம்தான். பொய் எண்ணை அந்த விதி நம்பிவிட்டது. நன்றாக இருக்கும் தளத்தை, உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி அடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. பிளக்கினை நிறுத்தினேன். தளம் அதன்பின் விழவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுக் குழுவின் செக்ரட்டரி அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, கோழிப்பாறைக்கு அவசரமா ஒரு ஆக்சிஜன் மெஷின் வேணுமுங்க.”

“எது எங்க கெடக்குதுன்னு எனக்கென்ன கண்ணு தெரியும்? எல்லாத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுக்கிட்டு…”

“நம்ம ஆபீஸ் ரூம்லயே ஒண்ணு இருக்குதுங்கண்ணா. நேத்துத்தான் திரும்பி வந்திருக்குது.”

“அட, அதுவா! அது மேலதான துண்டப் போட்டுட்டு டீ குடிக்க வந்தேன். இதா, எடுத்துட்டுக் கெளம்பீட்டேன், வையி.”

சீட்டில் போட்ட பை. உன்னிடம் சொன்னால் எப்படிச் சிரித்திருப்பாய். சிரிப்பு வந்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

மெஷின் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் நிதானமாக யோசித்தேன். நீ சரிசெய்த எண் எப்படிப் பழைய பொய்க்குத் திரும்பியது? நேற்றுக் காலையில் பாப்பா தூங்கும்போது, பிளக்கினுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று தளம் நச்சரித்தது. அப்டேட்டை அழுத்தினேன். ஒரு சொடுக்கு. புதிய பதிப்பு பழைய கோப்பை மொத்தமாக அழித்துவிட்டுத் தன்னை வைத்துக்கொண்டது. உன் நாலு வரியும் அதோடு போனது. கோப்பைத் திறந்து மேலும் கீழும் தேடினேன். இல்லை. நீ போன பிறகும் இந்த உலகத்தில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருந்த உன் வரிகள், என் விரல் பட்டுப் போயிருந்தன. உன் சாவுச் செய்தி வந்த அன்று வராத அழுகை அங்கே வந்தது. பாப்பா பயந்து அவளும் அழுதாள்.

அழுது முடித்து எழுதினேன். வரிக்கு வரி உன் குரல் கேட்டது. இந்த முறை பிளக்கினுக்குள் எழுதவில்லை. எந்த அப்டேட்டும் தொட முடியாதபடி வெளியே தனிக் கோப்பாக வைத்தேன். அதை நீயும் செய்யவில்லை, நானும் யோசிக்கவில்லை, பார். எண் இறங்கிப் பச்சையானது. தானாக ரீஸ்டார்ட் ஆகும் விதியை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் உன் பெயர் அடித்தது.

“மெஷினு போயிருச்சா தாயி?”

“போயிருச்சுங்கம்மா. இப்ப நல்லா மூச்சு விடறாருங்களாமா.”

“சைட்டுல அவ நம்பர மாத்திருவியோ?” என்றார்.

“என் நம்பரப் போட்டர்றனுங்கம்மா. உங்களுக்கு எதுக்குங்க செரமம்?”

“போடு, போடு. போடணும்லா. ஆனா இவ நம்பரையும் கீழ விட்டு வையி. நீ பச்சப்பிள்ளக்காரி, கை வேலையா இருப்ப. நான் எடுக்கேன். எத்தன நாளைக்கு அப்புறம் எம் மகளத் தேடி ஒரு போன் வந்துச்சு தெரியுமா?”

தளத்தின் முகப்பில் இப்போது இரண்டு எண்கள். மேலே என்னுடையது, கீழே உன்னுடையது.

எதற்கெடுத்தாலும் பதறும் என் குணம் மாறவில்லை. இன்று காலை பாப்பாவின் நெற்றி சுடுவதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்காகப் பையை எடுத்துவிட்டேன். மணிக்கட்டில் நீ பிடித்தாய். தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். வெயிலில் விளையாடிய சூடு. அந்தப் பிடி இருக்கட்டும், விடாதே.

என் போனிலும் உன் பெயர் அப்படியே இருக்கும், மூக்கைச் சுருக்கிய அந்தப் படத்தோடு. நேற்று வந்த முதல் அழைப்பு அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த நேரம் முழுக்கக் கோழிப்பாறையில் ஒருவர் மூச்சுக்காகக் காத்திருந்தார். இனி உன் பெயர் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பேன்.